'அரைப்பேர்' அகராதியில் ஏறுமா? விக்சனரியில் சொல் சேர்க்க ஒரு வழிகாட்டி

கேகாலை மாவட்டத்தின் தெரணியகலையைச் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் "இன்றைக்கு அரைப்பேர்தான்" என்று ஒரு பெண் சொன்னால், கூட வேலை செய்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பறித்த கொழுந்து நிர்வாகம் நிர்ணயித்த கிலோவை எட்டவில்லை, பாதி நாட்சம்பளம்தான் கணக்கில் விழும் என்பது அதன் பொருள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என வர்த்தமானியில் வந்த பிறகும் தோட்டங்களில் தகராறு தீராததற்குக் காரணம் இந்தக் கிலோக் கணக்குத்தான். அந்தச் சொல் தெரியாத செய்தியாளருக்கு அந்தப் பிரச்சினையும் புரியாது.

பெரட்டு, காம்பரா, கவ்வாத்து, ஒட்டுப்பால் எல்லாம் இப்படிப்பட்ட சொற்களே. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களோடு இவற்றில் பலவும் இடம்பெயர்ந்தன. சொன்னவர்கள் மறைந்தால் சொற்களும் மறையும். அவற்றைப் பதிவதற்கு இப்போது கையில் இருக்கும் எளிய கருவி தமிழ் விக்சனரி.

விக்சனரி என்பது என்ன?

2004 இல் தொடங்கிய கட்டற்ற இணைய அகராதி இது. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. யாரும் பதிவு சேர்க்கலாம், திருத்தலாம். கணக்குத் தொடங்கி எழுதுவதே நல்லது. சொந்தப் பெயரோ மின்னஞ்சலோ கட்டாயமில்லை, புனைபெயர் போதும்.

ஒரு பதிவை எழுதும் முறை

முதலில் சொல்லைத் தேடுங்கள். பக்கம் இருந்தால் 'தொகு' என்பதை அழுத்தித் திருத்தலாம். இல்லாவிட்டால் புதிய பக்கம் உருவாக்கும் இணைப்பு வரும். திறக்கும் பெட்டியில் சில குறியீடுகள் தெரிந்தால் போதும். இருபுறமும் இரண்டு சமக்குறி இட்டால் தலைப்பு. வரியின் தொடக்கத்தில் எண்குறி இட்டால் பொருள்கள் 1, 2, 3 என வரிசையாகும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்ட சொல் வேறு பதிவுக்கு இணைப்பாகும். முன்தோற்றம் பார்த்து, என்ன மாற்றினீர்கள் என்று சுருக்கக் குறிப்பு எழுதிய பின் சேமியுங்கள்.

'துண்டு' என்ற சொல்லை எடுப்போம். சிறு பகுதி, தோளில் போடும் துணி என்ற பொருள்கள் எல்லோருக்கும் தெரியும். தோட்ட வரலாற்றில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு: தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய சீட்டு. அந்தக் கடனைக் கட்டும் தோட்டத்துக்கே அவர் போக முடியும். 1921 இல் இந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பழைய பொருள்களை அழிக்காமல், அடுத்த எண்ணில் இதைச் சேர்க்க வேண்டும். 'இலங்கை, மலையகத் தோட்ட வழக்கு' என்று குறித்து, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் சான்றும் தருவது அவசியம்.

கவனிக்க வேண்டியவை

பதிப்புரிமை உள்ள அகராதியிலிருந்து விளக்கத்தை அப்படியே எடுக்கக் கூடாது, சொந்த வார்த்தையில் எழுதுங்கள். சொல்லைத் தந்தவரின் பெயர், லயன் விபரம் எதையும் பதியாதீர்கள். திருத்த வரலாறு பொதுவெளியில் இருப்பதால், பிறகு நீங்கள் அழித்தாலும் பழைய பிரதியில் அது தெரியும். தோட்டங்களில் சிக்னல் நிலையில்லாததால், கொப்பியிலோ கைபேசிக் குறிப்பிலோ எழுதி வைத்துப் பின்னர் ஏற்றுவது வசதி.

ஏன் இது நமக்கு முக்கியம்?

2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் அமைத்த நிறுவனத்தின் பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் சொல்வதோ 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. முதலாவதில் பிள்ளை தானே போய்விட்டான். இரண்டாவதில் யாரோ கொண்டு போயிருக்கிறார்கள். அரச ஆவணத்தில் எந்தச் சொல் நிற்கும் என்பதைத் தாய்மார் தீர்மானிப்பதில்லை. திறந்த அகராதியிலோ இரண்டும் அருகருகே நிற்கலாம், யார் எதைச் சொல்கிறார்கள் என்ற குறிப்புடன்.

யாராவது அதை மாற்றினால் 'வரலாறு' பகுதியில் நேரமும் கணக்குப் பெயரும் தெரியும். பழைய வடிவத்தை மீட்கலாம். கருத்து முரண்பட்டால் உரையாடல் பக்கத்தில் சான்றோடு பேசலாம். நிர்வாகிகள் பக்கத்தையே நீக்க முடியும், ஆனால் நீக்கியதும் பதிவாகும். முழு அகராதியையும் எவரும் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு வேறு பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, பல இடங்களில் பிரதி இருப்பதன் பெறுமதி தெரியும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பத்துச் சொற்களில் ஒன்றை முதலில் ஏற்றுங்கள். ஒரு பதிவுக்கு கால் மணி நேரம் போதும்.