லேசர் வெல்டிங்: பாராமதிக்காரர் கொடுத்த கதிர்

எங்கள் எடப்பாடியில் தறிச் சத்தத்துக்கு அடுத்தபடி எனக்குப் பழக்கமானது வெல்டிங் வெளிச்சம்தான். "அதப் பாக்காத சாமி, கண்ணு போயிரும்" என்று சொல்லியே வளர்த்தார்கள். வெளிச்சத்தாலேயே இரும்பை ஒட்டலாம் என்று கல்லூரியில் படித்தபோது நான் முதலில் நம்பவில்லை.

1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். அந்த ரூபி லேசர் விட்டு விட்டுத்தான் ஒளிர்ந்தது. வைரத்தில் துளை போட உதவியது. நீளமாகப் பற்றவைக்க அது போதாது.

தொடர்ந்து எரியும் வலுவான கதிரைக் கொடுத்தவர் குமார் படேல். 1938ல் மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர். 1964ல் கார்பன் டை ஆக்சைடு வாயுவிலிருந்து லேசர் எடுத்தார். முதலில் கிடைத்தது மிகச் சொற்பம். பிறகு நைட்ரஜனைக் கலந்தார். மின்சாரம் பாய்ந்ததும் நைட்ரஜன் ஆற்றலை வாங்கி, மோதும்போது கார்பன் டை ஆக்சைடுக்குக் கைமாற்றிவிடும். ஹீலியமும் சேர்ந்தபின், 1965லேயே 100 வாட்டைத் தாண்டியது. என் பாடப்புத்தகத்தில் மைமனுக்கு ஒரு பக்கம், படேலுக்கு அரை வரி!

1970களில் கிலோவாட் கணக்கில் லேசர்கள் வந்தன. கதிரைச் சிறு புள்ளியாகக் குவித்து, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 லட்சம் வாட் கொடுத்தால் உலோகம் உருகுவதோடு நிற்காது, ஆவியாகும். ஆவியின் அழுத்தத்தில் சாவித்துளை மாதிரி ஒரு குழி உண்டாகும். கதிர் அதன் சுவர்களில் பட்டுப் பட்டு அடி வரை இறங்கும். கதிர் நகர நகர, பின்னால் உருகிய உலோகம் குழியை மூடி உறையும். இணைப்பு ஒல்லியாகவும் ஆழமாகவும் இருக்கும். தகடு அதிகம் நெளியாது. கார் தகடு, பேஸ்மேக்கர் உறை, 1990ல் வந்த ஜில்லெட் சென்சார் பிளேடு எல்லாம் இப்படி ஒட்டப்பட்டவையே. ஏர்பஸ் ஏ318 விமானத்தின் உடலில் சில இடங்களில் ரிவெட்டுக்குப் பதில் இதுதான்.

படேலின் கதிருக்கு ஒரு குறை உண்டு. அலைநீளம் 10.6 மைக்ரான் என்பதால் சாதாரணக் கண்ணாடி இழைக்குள் போகாது. ஆடிகள் வைத்தே திருப்ப வேண்டும். சுமார் 1 மைக்ரான் கொண்ட ஃபைபர் லேசரோ இழை வழியாக ரோபோவின் கை வரை போகும். வெல்டிங்கில் பழையதை அது பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. கையில் பிடிக்கும் கருவியாக ஸ்டீல் கேட் செய்யும் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது.

எனக்குப் பயம் அங்கேதான். 10.6 மைக்ரான் கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுடும், அதோடு நின்றுவிடும். 1 மைக்ரான் கதிர் விழித்திரை வரை போய்விடும். கண்ணுக்கே தெரியாது. ஆர்க் வெல்டிங்குக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை மட்டும் நம்ப முடியாது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் கதிரும் ஆபத்து என்பதால், பக்கத்தில் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனுக்கும் ஒன்று வேண்டும்.