ராமசேரி இட்லி எந்த ஊர் இட்லி?

போன லீவில் மஸ்கட்டிலிருந்து கொச்சியில் இறங்கியதும் மகளுக்குப் பசி. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டலுக்குள் நுழைந்தோம். மெனுவில் "ராமசேரி இட்லி - கேரளப் பாரம்பரிய உணவு" என்று போட்டிருந்தார்கள். கொழிஞ்சாம்பாறைக்காரனான எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா பாலக்காடு போய் வரும்போது இலைப் பொட்டலத்தில் கொண்டு வருகிற பலகாரம் அது!

தட்டையாக வந்ததைப் பார்த்து மகள் கேட்டாள், "இது இட்லியாப்பா, தோசையா?"

இட்லிதான். ஆனால் இட்லித் தட்டில் வேகாது. மண்பானையின் வாயில் நூலால் வலை பின்னிய வளையத்தை வைத்து, அதன்மேல் துணி விரித்து மாவை ஊற்றுவார்கள். அடுப்புக்குப் புளிய விறகு. இரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது என்பார்கள். அதனால்தான் கூடையில் சுமந்து அக்கம்பக்கத்து ஊர்களில் விற்க முடிந்தது.

ராமசேரி, பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் இருக்கிறது. அங்கே இதைச் செய்வது முதலியார் குடும்பங்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். தஞ்சாவூர், திருப்பூர் என்று சொல்வோரும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேலான கதை. அப்போது இவர்கள் மாநிலம் எதையும் தாண்டவில்லை. காஞ்சிபுரமும் சென்னை மாகாணம், பாலக்காடும் அதே மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1956 நவம்பர் 1-ல்தான் கோடு விழுந்தது. ஆட்கள் நகரவில்லை, எல்லை நகர்ந்தது!

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் உண்டு. மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வேகவைப்பார்கள். ராமசேரி இட்லியில் அந்த ஜாடையே இல்லை. பொடிக்கும் நல்லெண்ணெய் இல்லை, தேங்காயெண்ணெய். வந்த ஊரின் எண்ணெய், வந்த ஊரின் பெயர். இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே இதைச் செய்கின்றன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பேங்க் வேலைக்கு வந்த நான் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

"அப்போ அவங்க தமிழா, மலையாளியா?" என்றாள் மகள்.

"ரெண்டும்தான்மா."

"நாம?"

கணக்குப் பார்த்தே பிழைக்கிறவனுக்கு இந்தக் கணக்குக்கு விடை தெரியவில்லை. மஸ்கட் திரும்பியதும் முதல் வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டு இட்லிப் பொடிக்கு மிளகாய் எத்தனை, பருப்பு எவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல, மகள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.