தமிழ் விவிலியத்தில் ‘அந்த’: ஒரு மொழிபெயர்ப்பு வரலாறு

ஆங்கிலத்தின் ‘தி’ என்னும் வரையறை ஆர்ட்டிகிளுக்கு நேரான சொல் தமிழில் இல்லை. எனினும் அதற்கு ‘அந்த’ என்று பொருள் கூறிப் பயிற்றும் வழக்கம் உண்டு. இவ்வழக்கம் எவ்வளவு பொருந்தும் என்பதைத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது.

ஐரோப்பியர் எழுதிய தொடக்ககாலத் தமிழ் இலக்கணங்களுள் சீகன்பால்குவின் நூல் 1716இல் ஹாலே நகரிலும், வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியிலும் அச்சேறின. இரண்டும் இலத்தீனில் அமைந்தவை. இலத்தீனிலும் ஆர்ட்டிகிள் இல்லை. ஆதலின் அவ்விலக்கண மரபின்வழித் தமிழை நோக்கியோர்க்கு இது ஒரு குறையாகத் தோன்ற இடமில்லை. கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தபோதோ சிக்கல் தவிர்க்க முடியாததாயிற்று.

யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் ‘வார்த்தை’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல் மூன்று முறை வருகிறது; மூன்றிடத்தும் ஆர்ட்டிகிள் உண்டு. ஹென்றி பவர் முதலியோரின் திருத்தமாக 1871இல் வெளிவந்து இன்றும் வழங்கும் பதிப்பில், முதலிடத்தில் ‘வார்த்தை’ சுட்டின்றி நிற்கிறது. பின்னிரண்டு இடங்களிலேயே ‘அந்த’ சேர்கிறது. முன்னர்க் கூறியதை மீளச் சுட்டும்போது மட்டுமே தமிழ் சுட்டை வேண்டியது என்பது இதனால் புலப்படும். அதே வசனத்தில் கடவுளைக் குறிக்கும் சொல் ஒருமுறை ஆர்ட்டிகிளோடும் ஒருமுறை அஃதின்றியும் வருகிறது. சமய அறிஞர் நெடுங்காலம் வாதிட்ட இவ்வேறுபாடு தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே மறைந்துவிடுகிறது.

‘அந்த’ என்பதற்கும் ‘தி’ என்பதற்கும் உறவே இல்லை எனலும் பொருந்தாது. ‘தி’ பழைய ஆங்கிலச் சுட்டுப்பெயரிலிருந்தும், பிரெஞ்சு, இத்தாலிய ஆர்ட்டிகிள்கள் இலத்தீன் சுட்டிலிருந்தும் தோன்றியவை. அவற்றில் சுட்டுப்பொருள் தேய்ந்தது, தமிழில் தேயவில்லை. ‘சூரியன் உதித்தது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘தி’ இன்றியமையாதது. தமிழில் ‘அந்தச் சூரியன்’ என்றால் வேறொரு சூரியனும் உண்டோ என்ற ஐயம் எழும்.

வரையறைப் பொருளின் ஒரு பகுதியைத் தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்கிறது. ‘புத்தகம் வாங்கினான்’ என்பது பொதுச்செயல். ‘புத்தகத்தை வாங்கினான்’ என்பது குறித்த ஒன்றைப் பற்றியது. ஆயினும் ‘ஒரு புத்தகத்தை’ என்றும் வழங்குவதால், உருபு காட்டுவது குறித்த தன்மையே. கேட்போர் முன்னறிந்த தன்மையன்று. உயர்திணைப் பெயரில் இவ்வுருபு ஒழியாது வரும் என்பது தொல்காப்பியத் தொகைமரபின் விதி. ‘பெண் பார்த்தான்’, ‘பெண்ணைப் பார்த்தான்’ என்னும் தொடர்களின் பொருள்வேறுபாடு அவ்விதியின் எல்லையில் நிற்பது. முன்னது மணம்பேசும் வழக்கைக் குறிக்கும்.

ஆகவே ‘தி’ வருமிடமெல்லாம் ‘அந்த’ பெய்வது தமிழ் நடையைச் சிதைக்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்வோர் ‘அந்த’வை மட்டும் தேடினால் ‘தி’ வேண்டிய இடங்கள் பலவற்றைத் தவறவிடுவர். அவர்கள் வேற்றுமை உருபையும், முன்பின் தொடர்களையும், கேட்போர் அறிவையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். 1871ஆம் ஆண்டுப் பதிப்பின் அம்முதல் வசனம் இந்நெறிக்குத் தக்க சான்றாகும்.