ஏலமலைச் சரிவில் முதல் வகுப்பு

போடி எனப்படும் போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடையும் மலைச்சரிவு ஏலக்காய்க்குப் பெயர்பெற்றது. இங்குப் பள்ளியில் புதிதாகச் சேரும் குழந்தை முகமறியாத பிள்ளைகளோடு ஒன்றிப் பழகுவதற்குப் பாடநூலைக் காட்டிலும் உடனிருந்து எழுதியதும் உடனிருந்து உண்டதுமே மிகுதியாக உதவியுள்ளன.

பழைய தமிழகத்தில் இப்பணியைச் செய்தது திண்ணைப் பள்ளி, அதாவது ஆசிரியர் ஒருவரே தம் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ச் சாவடியிலோ நடத்திய பள்ளி. அதில் வயதுவாரியான வகுப்புகள் இல்லாமையால், விசயதசமியன்று எழுத்தறிவிக்கப்பட்ட சிறுவன் மறுநாளே மூத்த பிள்ளைகளுக்கு நடுவே மணலில் விரலால் எழுதத் தொடங்கினான். ஆசிரியருக்கு அடுத்த பொறுப்பிலிருந்த சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், இங்குக் கண்ட மணலெழுத்தையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட, அது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயினும் அக்கூட்டுறவைப் போற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது. கடும் தண்டனை அங்கு வழக்கமாக இருந்தது, பெண்குழந்தைகள் மிக அரிதாகவே சேர்க்கப்பட்டனர், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இல்லை.

மலைத்தோட்டங்களில் நிலைமை வேறு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண்கள் ஐம்பதின்மருக்குக் குறையாமல் வேலைசெய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் அமைக்கப்பட வேண்டும் என்று விதித்தபோதிலும், தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகியவற்றையே குறிப்பிட்டது. ஏலம் அதில் சேர்ந்தது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், 1982 சனவரியில்தான். தேயிலைத் தோட்டத்துக் குழந்தைக்கு ஏட்டளவிலேனும் கிடைத்த உரிமைக்காக ஏலத்தோட்டத்துக் குழந்தை முப்பது ஆண்டுகள் காத்திருந்தது என்பது எளிதில் மறக்கத்தக்கதன்று. அதன் பின்னரும், விடியுமுன் ஜீப்பில் மலையேறி மாலையில் திரும்பும் போடிப் பெண்களின் குழந்தைகள் அடிவாரத்தில் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ தங்கியதால், தோட்டத்துக் காப்பகம் அவர்களுக்கு எட்டவில்லை.

அவர்களுக்கு எட்டியது சோறு. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982 சூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டமாக விரிந்து, பால்வாடி எனப்பட்ட முன்பருவப் பள்ளிகளின் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. எந்தச் சாதிப் பிள்ளையும் ஒரே பந்தியில் அமரும் நிலையை எழுத்தளவில் நின்ற எத்தனையோ ஆணைகளைவிட இச்சோறே உருவாக்கியது. ஒரு குழந்தை பள்ளியை அஞ்சாமல், நாளைக்கும் வரத்தக்க இடமாகக் கருதுவதற்குப் பக்கத்துத் தட்டில் உண்ணும் தோழன் வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், தாய் வேலைக்குப் புறப்பட்ட பின் எழும் போடிக் குழந்தைக்கு இவ்வுறவை நாளின் தொடக்கத்திலேயே தருகிறது.

ஆனால் மாநில எல்லை இவ்வுறவை அறுக்கக்கூடும். 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர, போடிமெட்டு எல்லையாகவே நீடித்தது. பெற்றோர் மலையிலேயே தங்கும் குடும்பத்தில், ஆண்டின் நடுவே முதல் வகுப்புக் குழந்தை போடியில் பழகிய தோழர்களை விட்டு இடுக்கி மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளியைத் தேடிச் செல்ல நேரும். அங்கு அது மீண்டும் புதிய பிள்ளை. ஆகவே தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்டக் கல்வித் துறைகளும் இத்தகைய குழந்தைகளின் பெயர்களைத் தமக்குள் பகிர்ந்து, ஆண்டின் எந்த நாளிலும் அவர்களை வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.