பூட் மெனுவில் இரண்டு பெயர்கள்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. ஆன் செய்தால் இரண்டு பெயர்கள் வரும்: ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர், அங்கே சூசி லினக்ஸைக் கொண்டுவந்திருந்தார். ஆக, அரசு கதவைத் திறந்துதான் வைத்தது.

வீடுகள் நுழையவில்லை. ரமணாசிரமம் பக்கம் எங்கள் தெருவில், "அந்த இன்னொண்ண அழிச்சிருங்கண்ணா, இடத்த அடைக்குது" என்று கடைக்குத் தூக்கிப்போன பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நண்பனின் பென்டிரைவில் வரும் கேம் விண்டோஸில்தான் ஓடும். பத்திரிகை அடிக்கும் கடையில் வானவில் எழுத்துரு, ஃபோட்டோஷாப். ரிப்பேர் பார்க்கிறவருக்கும் அதுதான் தெரியும். ஓஎஸ்ஸை நாம் தனியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தெருவே சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது.

இப்போது தெரு மாறிவிட்டது. கேம் போனுக்குப் போய்விட்டது. அந்த ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். கணினியில் மிச்சமிருப்பது பெரும்பாலும் பிரவுசர் வேலை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும். கீபோர்டு, திரை எல்லாம் நன்றாக இருக்கும் எத்தனையோ மெஷின்கள் இதனால் வெளியே நிற்கின்றன.

காயலான் கடைக்குப் போடும் முன் பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் வேலை செய்கிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.