சங்கிலி ரம்பம்: வரலாறும் பாதுகாப்பும்

சங்கிலி ரம்பம் என்பது, ஒரு தகட்டின் விளிம்பைச் சுற்றி வேகமாக ஓடும் பற்சங்கிலியால் மரத்தை அறுக்கும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது செயின்சா என்றும் மரம் அறுக்கும் மிஷின் என்றும் அழைக்கப்படுகிறது. இன்றைய ரம்பத்தில் காணப்படும் பாதுகாப்பு உறுப்புகள் பலவும் தொழிலாளர்கள் பட்ட காயங்களுக்குப் பிறகே சேர்க்கப்பட்டன. அந்த வரலாற்றை அறிந்தால் பாதுகாப்பு விதிகளின் காரணம் தெளிவாகும்.

தோற்றம்

சங்கிலியால் அறுக்கும் முறை முதலில் மருத்துவத்தில் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் எய்ட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுக்கக் கையால் இழுக்கும் சிறு சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினர். மரம் அறுப்பதற்கான முடிவில்லாச் சங்கிலி ரம்பத்துக்கு 1905 இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926 இல் மின்சார ரம்பத்தையும் 1929 இல் பெட்ரோல் ரம்பத்தையும் உருவாக்கினார். 1927 இல் எமில் லெர்ப் தமது பெட்ரோல் ரம்பத்தை டோல்மார் மலையில் சோதித்தார். பின்னர் அம்மலையின் பெயரே அவரது நிறுவனத்தின் பெயராயிற்று.

எடை குறைந்தது, ஆபத்து கூடியது

1929ஆம் ஆண்டின் ஷ்டீல் ரம்பம் 46 கிலோ எடை கொண்டது. அதை இயக்க இருவர் தேவைப்பட்டனர். 1946 இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டுத் தொழிலாளி, ஒரு வண்டுப் புழு இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து மரத்தைக் குடைவதைக் கவனித்தார். அதைப் பின்பற்றி அவர் வடிவமைத்த சங்கிலிப் பல், மரத்தைச் சுரண்டாமல் செதுக்கி எடுத்தது. 1949 இல் மெக்கல்லக் நிறுவனம் சுமார் 11 கிலோ எடையுள்ள ரம்பத்தை வெளியிட்டது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் எரிபொருள் தடைபடாத புதிய வகைக் கார்புரேட்டரும் அக்காலத்தில் பரவியது. 1959 இல் வந்த ஷ்டீல் நிறுவனத்தின் 12 கிலோ ரம்பத்தில் பல்சக்கரப் பெட்டி நீக்கப்பட்டு, இயந்திரம் சங்கிலியை நேரடியாக ஓட்டியது.

இதனால் ஒரே ஆள் எந்தக் கோணத்திலும் விரைவாக மரம் அறுக்க முடிந்தது. ஆனால் ஓடும் சங்கிலி இப்போது அவரது முகத்துக்கும் தொடைக்கும் மிக அருகில் வந்துவிட்டது.

பின்னுதைப்பு

தகட்டின் மேல் விளிம்பில் சங்கிலி முன்னோக்கி ஓடி, நுனியில் கீழே திரும்புகிறது. நுனியின் மேல் கால்பகுதி ஒரு கிளையையோ கட்டையையோ தொட்டால் பற்கள் அதில் சிக்கும். உடனே அதன் எதிர்விசை தகட்டை மேலே தூக்கி, இயக்குபவரின் தலையையும் கழுத்தையும் நோக்கி வீசும். இதுவே பின்னுதைப்பு. மனிதர் உணர்ந்து கையை விலக்குவதற்குள் இது நிகழ்ந்து முடிந்துவிடும்.

இதற்கு விடையாக 1970களின் தொடக்கத்தில் ஷ்டீல், ஹஸ்க்வர்னா ஆகிய நிறுவனங்கள் சங்கிலித் தடையைக் கொண்டு வந்தன. ரம்பம் மேலெழும்போது இடக்கை முன்காப்பின் மீது மோதும். உடனே ஓர் எஃகுப் பட்டை கிளட்ச் உருளையை இறுக்கிச் சங்கிலியை நிறுத்தும். பின்வந்த ரம்பங்களில், கை படாவிட்டாலும் வீச்சின் வேகத்தாலேயே தடை இயங்குகிறது. அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி, உள்ளங்கை அழுத்தாவிட்டால் வேகவிசையை இயங்கவிடாத பூட்டு ஆகியவையும் சேர்க்கப்பட்டன.

வெண்விரல் நோய்

கண்ணுக்குத் தெரியும் காயத்தை மட்டும் ரம்பம் உண்டாக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அதிர்வைத் தாங்கிய கைகளில் இரத்த ஓட்டம் தடைபட்டு, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. 1960களில் இயந்திரத்துக்கும் கைப்பிடிக்கும் இடையே ரப்பர் தாங்கிகள் பொருத்தப்பட்டன. பின்லாந்தின் சுவோமுசல்மி பகுதி மரவெட்டுத் தொழிலாளர்களிடம் நடந்த நீண்ட ஆய்வில், 1972 இல் 40 விழுக்காடாக இருந்த இந்நோய் 1990 இல் 5 விழுக்காடாகக் குறைந்தது. பிரிட்டன் 1985 இல் இதைத் தொழில்வழி நோயாக ஏற்றது.

காப்புடை

ரம்பக் காயங்கள் பெரும்பாலும் காலில் ஏற்படுகின்றன. காப்புக் காற்சட்டையின் துணி சங்கிலியைத் தடுப்பதில்லை. மேல்துணி கிழிந்ததும் உள்ளிருக்கும் நீண்ட இழைகள் வெளிவந்து, பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டத்தை நிறுத்துகின்றன. தலைக்கவசம், முகவலை, காதுக்காப்பு, எஃகு முனைக் காலணி ஆகியனவும் இதனுடன் தேவை.

பாதுகாப்பாக இயக்கும் முறை

• தடையைப் போட்டு, ரம்பத்தைத் தரையில் வைத்துப் பின்கைப்பிடியை வலது காலால் மிதித்துக்கொண்டு இயக்கத்தைத் தொடங்க வேண்டும். தொங்கவிட்டபடி கயிற்றை இழுக்கக் கூடாது.
• இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி இருக்க வேண்டும்.
• தோளுக்கு மேல் உயர்த்தியோ நுனியாலோ அறுக்கக் கூடாது.
• தகட்டின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று இடப்புறம் நிற்க வேண்டும்.
• மரத்தை வீழ்த்துமுன், விழும் திசைக்குப் பின்புறமாகச் சாய்வான தப்பும் வழியைத் துப்புரவு செய்ய வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவில் நிற்க வேண்டும்.
• இயந்திரம் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

சங்கிலித் தடை பின்னுதைப்பின் விளைவைக் குறைக்கும். பின்னுதைப்பு நேராமல் அதனால் தடுக்க முடியாது. நுனி எங்கே இருக்கிறது என்பதை அறுப்பவரே எப்போதும் கவனிக்க வேண்டும்.