ஆவடி வட்டாரமும் நோய் எதிர்ப்பின் மரபணு வரலாறும்

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் அமைந்துள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், ஆவடியில் இயங்கிவந்த மத்திய ஜால்மா தொழுநோய் நிறுவனக் களப்பிரிவையும் சென்னை மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999இல் உருவாக்கப்பட்டது. ஆனால் இவ்வட்டாரத்து நோய் ஆராய்ச்சிக்கு அதைவிட முப்பதாண்டு கூடுதல் வயது உண்டு.

1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ 2,80,000 பேருக்குக் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. பிரிட்டிஷ் பள்ளி மாணவரிடம் முக்கால் பங்கு பாதுகாப்புத் தந்த அதே தடுப்பூசி, இங்கே வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே திகைக்க வைத்தது. காசநோய்க் கிருமிக்கு உறவான, மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமிகள் முன்பே உடலைப் பழக்கியிருக்கலாம் என்பது வலுவான விளக்கம்; மக்களின் மரபணு அமைப்பும் ஒரு காரணமாகலாம் என்ற எண்ணமும் அதனுடன் எழுந்தது.

ஆவடிக் களப்பிரிவு 1990களில் இதே மாவட்டத்தில் நடத்திய தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வின் முடிவுகள் 1998இல் வெளியாயின. பி.சி.ஜி. தனியாக 34 விழுக்காடும், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமிகளோடு சேர்ந்து 64 விழுக்காடும் பாதுகாப்பளித்தது. ஒரே ஊசியைப் பெற்றோரில் சிலர் காக்கப்படுவதும் சிலர் நோயுறுவதும் ஏன் என்ற கேள்வி இயல்பாகவே உடலின் பக்கம் திரும்பியது.

கிருமியின் துண்டுகளைக் காவல் அணுக்களுக்குக் காட்டும் எச்.எல்.ஏ. புரதங்களின் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவன. அவற்றில் டி.ஆர்.2 என்னும் வகை காசநோயோடும் தொழுநோயோடும் தொடர்புடையது என்பதை இந்திய ஆய்வுகள் காட்டின. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர். எம். பிச்சப்பன் பங்கேற்ற குழு 224 தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து, தொழுநோய்க்கு ஆளாகும் தன்மை மரபணுக்களைத் தாங்கும் 10ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியோடு சேர்ந்து வருவதை 2001இல் வெளியிட்டது.

மரபணு நேராக வேலை செய்வதில்லை. அதன் நகலாகிய தூது ஆர்.என்.ஏ. உயிரணுவின் உட்கருவிலிருந்து வெளியே வந்து புரதத்தை உண்டாக்கச் செய்கிறது. சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வைட்டமின் டி ஏற்பியின் மரபணு வேறுபாடுகள் ஆராயப்பட்டதன் காரணமும் இதுவே: அந்த மரபணுவின் இறுதிப்பகுதியில் உள்ள வேறுபாடு, தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு நேரம் சிதையாமல் நிற்கும் என்பதை மாற்றக்கூடும். கிருமியைக் கொல்லும் கத்தலிசிடின் புரதம் எவ்வளவு உண்டாகும் என்பதும் அந்த ஏற்பியைச் சார்ந்தது.

செங்கல்பட்டு ஆய்வைத் தோல்வி என்று குறிப்பது நியாயமன்று. இலட்சக்கணக்கான கிராம மக்கள் கை நீட்டித் தந்த அந்த விடை, ஓரிடத்தில் பயன் தந்த தடுப்பூசியைப் பிற நாட்டு மக்களிடமும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதை மருத்துவத்துக்கு உணர்த்தியது. சிறு குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காப்பதால், பி.சி.ஜி. இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இன்றும் போடப்படுகிறது.